சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடு என்றார்கள்: காரைக்குடியில் ஃப்ளாட் வாங்குவோர் கவனத்துக்கு

வயதான பெற்றோருக்காகக் காரைக்குடிப் பக்கம் ஃப்ளாட் பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

எங்கள் பூர்வீக வீட்டில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவே ஆறு படி. அதற்கப்புறம் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைக்கு நிலை வாசற்படி. பக்கவாதத்துக்குப் பிறகு ஆத்தாவை அங்கே வைத்துப் பார்க்க முடியவில்லை. "முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வீடுகள்" என்று ஒரு கட்டுமான நிறுவனம் நோட்டீஸ் போட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினோம்.

கட்டி முடித்ததைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தரைமட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வாசல். சாய்தளத்துக்கு 1:12 என்பதுதான் கணக்கு: ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம். அப்படியானால் முப்பதடி வேண்டும், இருபுறமும் கைப்பிடி வேண்டும். இவர்கள் போட்டிருப்பது எட்டடி, கைப்பிடியே கிடையாது. இறக்கும்போது பிடி நழுவினால் ஆத்தா நாற்காலியோடு ரோட்டில் விழுவார். குளியலறைக் கதவு 27 அங்குலம். 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி, இருக்க வேண்டும். நாற்காலி நுழையவே இல்லை. உள்ளே திரும்ப ஐந்தடி வட்டமாவது வேண்டுமே, அதுவும் இல்லை.

"ஆச்சிய ரெண்டு பேர் புடிச்சுத் தூக்குனா முடிஞ்சுபோச்சுண்ணே" என்றார் மேற்பார்வையாளர், ஆத்தாவை வைத்துக்கொண்டே. தன் வீட்டுக்குள் போக ஒரு மனுஷி தினமும் யாரோ தூக்கக் காத்திருக்க வேண்டுமா?

அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் திருப்பத்தோடு நீளமான சாய்தளம் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் கார் நிறுத்த விற்றிருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 44ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது, கட்டியபின் முடிவுச் சான்றும் தரக்கூடாது. அந்த விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2024 நவம்பரில் சொன்னது. ரியல் எஸ்டேட் சட்டத்திலும் பிடி இருக்கிறது: வரைபடத்தைக் கேட்டுப் பெறும் உரிமை 19ஆம் பிரிவில், அதன்படியே கட்ட வேண்டும் என்பது 14இல், பொய் விளம்பரத்துக்கு நஷ்டஈடு 12இல். அதனால் அந்த நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கதவு அகலம், சாய்தள நீளம், குளியலறை அளவு மூன்றையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் செஞ்சிருவோம்ணே" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். சாவி வாங்குமுன் டேப்பும் ஒரு சக்கர நாற்காலியும் கொண்டுபோய் வாசலிலிருந்து குளியலறைவரை உருட்டிப் பாருங்கள். "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். குறைகளை அதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் அப்படி எழுதிக் கொடுத்த தாளையும் வரைபட நகலையும் இணைத்துத்தான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பான ரெராவில் புகார் போட்டிருக்கிறோம்.