சூழலியல் தடக் கணிப்பான்: வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

குளோபல் ஃபுட்பிரின்ட் நெட்வொர்க் என்ற ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாக வழங்கும் சூழலியல் தடக் கணிப்பானில் அண்மையில் எங்கள் வீட்டு விவரங்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவருடைய உணவுக்கும் குடியிருப்புக்கும் பயணத்துக்கும் எவ்வளவு விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் மீன்பிடி நீர்ப்பரப்பும் தேவை, அவரால் வெளியேறும் கரியமில வாயுவை உறிஞ்ச எவ்வளவு காடு வேண்டும் என்றெல்லாம் கூட்டி, உலகத்தார் அனைவரும் அவரைப் போலவே வாழ்ந்தால் எத்தனை பூமி வேண்டியிருக்கும் என்று அது சொல்கிறது. இந்த முறையை 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் வில்லியம் ரீஸும் மத்தீஸ் வாக்கர்நேகலும் ஆவர்.

பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் சில கேள்விகளுக்கு உத்தேசமாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. மின்சாரத்தில் எத்தனை சதவீதம் காற்றாலையிலும் சூரிய ஒளியிலும் கிடைப்பது என்று கேட்டால், நம் மின்கட்டண விவரத்தில் அதற்கு விடை இல்லை. உள்ளூரில் விளைந்த உணவின் பங்கைக் கேட்டபோதும் தயங்கினேன். காய்கறி உழவர் சந்தையிலிருந்து வருகிறது, ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலோ பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைந்தது.

எனக்குப் பிடித்தது, வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி. ஐந்து பேர் என்ற பதிலை இரண்டாக மாற்றிப் பார்த்தால் தலைக்கு வரும் சுமை கூடுகிறது. குளிர்சாதனப் பெட்டியும் கூரையும் பொதுவில் இருப்பதால், தலைகளை மட்டும் எண்ணினால் போதாது, குடும்பங்களையும் எண்ண வேண்டும் என்பது விளங்குகிறது. விமானப் பயணத்தைச் சுழியமாக வைத்தபோது ஒரு பூமிக்குச் சற்றுக் குறைவாக வந்த முடிவு, சிங்கப்பூர் போய்வரும் எட்டு மணி நேரத்தைச் சேர்த்ததும் ஒன்றைத் தாண்டிவிட்டது.

என் முதன்மையான குறை இந்த முடிவைக் காட்டும் விதத்தில்தான். உலகின் உயிர்வளத்தை, அதாவது நிலமும் நீரும் ஆண்டுதோறும் விளைவித்துத் தரக்கூடிய திறனை, தலைக்குப் பங்கிட்டால் கிடைக்கும் சுமார் 1.6 குளோபல் ஹெக்டேரைக் (உலகச் சராசரி விளைதிறன் உள்ள ஹெக்டேர்; கீழே சுருக்கமாக ஹெக்டேர்) கொண்டே ‘ஒரு பூமி’ அளக்கப்படுகிறது. 1960இல் சுமார் 300 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022இல் 800 கோடியை எட்டியதால், விளைச்சல் பெருகியும் இந்தத் தலைக்குரிய பங்கு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அமெரிக்கரின் சராசரித் தடம் 8 ஹெக்டேரை ஒட்டியும் இந்தியரின் தடம் 1.2 ஹெக்டேர் அளவிலும் இருப்பதால், சுமை யாருடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தியாவுக்குள் கிடைக்கும் உயிர்வளம் தலைக்குச் சுமார் 0.4 ஹெக்டேர்தான் என்பதால், சிக்கனமாக வாழும் நாமும் நம் நிலத்தின் திறனை மீறியே வாழ்கிறோம். கணிப்பானின் முடிவுப் பக்கத்தைப் பார்த்து நிம்மதியடையும் இந்தியருக்கு இது தெரிய வழியில்லை. அதே நிறுவனம் வெளியிடும் நாடுவாரிப் புள்ளிவிவரங்களைத் தனியே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளி மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஆசிரியர் அந்த நாடுவாரி விவரங்களையும் உடன் காட்டுவதாக இருந்தால். இன்னொன்றையும் அவர் சொல்லியாக வேண்டும்: நிலத்தடி நீரை உறிஞ்சுவது இந்தக் கணக்கில் தனியாகச் சேர்வதில்லை. எங்கள் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு முன் நூறு அடியில் தண்ணீர் தந்த ஆழ்துளைக் கிணறு இப்போது முந்நூறு அடிக்குப் போய்விட்டது. அந்த இருநூறு அடியைக் குறிக்க எந்தக் கேள்வியிலும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.