ஏழாவது மழைக்காலத்தில் எங்கள் கல்லூரிச் சோலார்

பண்டாரவளைப் பக்கம் ஒரு கல்லூரியில் படிப்பிக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "எங்கள் கூரையிலும் சோலார் போடப் பேச்சு நடக்கிறது. போடலாமா?" பெனல் தரும் மின்சாரத்தைப் பாவிக்கத்தக்க கரண்டாக மாற்றும் எங்கள் இன்வேட்டர் பழுது பார்த்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஹட்டன் பக்கத்திலுள்ள எங்கள் கல்லூரியில் 2019 தொடக்கத்தில் 20 கிலோவாட் போட்டோம். மலையில் வெயில் ஏது என்று அப்போது கேட்டவர்கள் பெப்ரவரியில் வந்து பார்க்க வேண்டும். பனி விலகியதும் பளீரென்று வெயில், காற்றோ குளிர்ச்சி. பெனல் சூடேறினால் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். கொழும்புக் கூரைக்கு வரும் அந்த நட்டம் இங்கே குறைவு. சில நாள் 90 யூனிட்டைத் தாண்டும்போது மீட்டரை விட்டு நகர மனமே வராது.

ஆனால் ஜூன், ஜூலைக் காற்றில் மரம் விழுந்து லைன் போகும். லைன் போனால் எங்கள் சோலாரும் நின்றுவிடும். காரணம் நியாயமானதுதான்: கம்பியில் வேலை செய்பவரை எங்கள் கூரைக் கரண்ட் தாக்கிவிடக் கூடாது என்றுதான் இன்வேட்டர் தானாக அணைகிறது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால் கல்லூரியை மட்டும் தனியாக ஓட்டலாம். செலவு கூடுகிறது என்று டெண்டரிலேயே பேட்டரியை வெட்டிவிட்டார்கள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெளியே நல்ல வெயில், கூரை நிறையப் பெனல், கீழே கணினி அறை இருட்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளைகள் கீபோர்டைத் தொடாமலே திரும்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் இந்தப் பழுது. மின்கட்டணத்தில் மிஞ்சுவது ஒரு கணக்கு, பழுதுக்கான பணம் வேறு கணக்கு. மூன்று விலைமனு, ஒரு குழு, பிறகு கையெழுத்து என்று ஐந்து மாதம் போனது. அத்தனை நாளும் பெனல்கள் சும்மா வெயில் காய்ந்தன. சொந்த வீடென்றால் மறுநாளே ஆளைக் கூப்பிட்டிருப்போம். கல்லூரியில் இது என் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை. மலையின் மழையும் பனியும் இந்த அளவுக்கு எங்களைத் தடுத்ததில்லை.

கணக்குப் பார்த்தால் போட்ட காசு வீணாகவில்லை. அதையும் நண்பரிடம் சொன்னேன். பேட்டரியும் பழுதுக்கென்று தனிப் பணமும் எழுத்தில் வரும்வரை கூரையில் ஆளை ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னேன்.

"பேட்டரிக்குக் காசு தரமாட்டார்கள் போலிருக்கிறதே?" என்றார்.

"அப்படியென்றால் போட வேண்டாம்" என்றேன்.