எமியா, அடெலா?

அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் எனக்கும் தம்பிக்கும் தீராத வழக்கு இது. எமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' (2006), அடெலின் '21' (2011): இரண்டுமே லண்டன் பாடகிகளின் இரண்டாவது ஆல்பம், இரண்டிலும் காதல் முறிந்த வலி.

விருதில் அடெல் ஒரு படி மேலே: 2012இல் ஆறு கிராமி. எமிக்கு 2008இல் ஐந்து. ஆனாலும் என் ஓட்டு எமிக்குத்தான்; தம்பியின் ஓட்டு அடெலுக்கு. அதன் தயாரிப்பாளர்களில் ஒருவரான மார்க் ரான்சன், நியூயார்க் புரூக்ளினின் டாப்-கிங்ஸ் இசைக்குழுவை வாசிக்கவைத்து டேப்பில் பதிவு செய்தார். அந்த டிரம்ஸைக் கேளுங்கள், அறுபதுகளின் சோல் இசை (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகை) அப்படியே இறங்கியிருக்கும். அதன்மேல் எமியின் குரல், துளி பூச்சு இல்லாமல்!

'21' பல தயாரிப்பாளர்களின் கைவண்ணம். அதனால் பாட்டுக்குப் பாட்டு நிறம் மாறுகிறது. ஆனால் 'சம்ஒன் லைக் யூ'வில் ஒரு பியானோ, ஒரு குரல், அவ்வளவுதான். அங்கே தம்பி சொல்வதை மறுக்க முடியவில்லை.