ஓட்டுநர் பள்ளியா, வீட்டார் துணையுடன் நீண்ட பயிற்சியா?

மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஒரு மாதம் பழகி உடனே உரிமம் வாங்கிவிடலாம், அல்லது எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் செல்லுபடியாகும் ஆறு மாதங்களையும் வீட்டார் பக்கத்தில் அமர்ந்து ஓட்டவைப்பதற்குப் பயன்படுத்தலாம். அடிப்படைக்கு மட்டும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தோம். பிறருக்கும் அதையே சொல்வேன்.

பள்ளியின் நிறைகள் அறிந்தவையே. கிளட்ச், கியர், ரிவர்ஸ் ஆகியவற்றை முறையாகக் கற்றுத்தருகிறார்கள். பயிற்சியாளர் காலடியிலும் பிரேக் இருப்பதால் தொடக்க நாள்களுக்கு அதுவே பாதுகாப்பு.

ஆனால் இளையோரின் விபத்துகளுக்குப் பெருங்காரணம், வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே காணும் பழக்கம் இன்னும் அமையாததுதான். அமெரிக்காவில் 16 முதல் 19 வயது வரையிலான ஓட்டுநர்கள், ஓட்டும் தூரத்தைக் கணக்கிட்டால், 20 வயதைக் கடந்தவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு உயிரிழப்பு விபத்துகளில் சிக்குகிறார்கள். தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே மிக ஆபத்தானவை. நார்வேயிலும் பின்லாந்திலும் வழுக்குச் சாலைப் பயிற்சி பெற்ற இளைஞர்களிடையே விபத்து கூடியது; திறமை வந்துவிட்டதென்ற நம்பிக்கையே அவர்களை வேகப்படுத்தியது. மாறாக, நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்து, புதியவர்கள் இரவில் தனியாக ஓட்டுவதையும் நண்பர்களை ஏற்றிச் செல்வதையும் கட்டுப்படுத்தியது. எல்.எல்.ஆர். பெற்ற 30 நாள்களிலேயே தேர்வுக்குச் செல்ல அனுமதிக்கும் நம் சட்டத்தில் அத்தகைய இடைநிலை இல்லாததால், அதை வீட்டில்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். மழை நேரத்து அந்தி, புறவழிச்சாலையில் கண்ணைக் கூசவைக்கும் எதிர்வண்டி ஹைபீம், நின்ற பேருந்தின் முன்னாலிருந்து திடீரென வெளிப்படும் ஆள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம் என ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போதே பலமுறை சந்தித்துவிட வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் சில மாதங்களுக்கு இரவுப் பயணமும் நண்பர் கூட்டமும் வேண்டாமென்று மகளுடன் பேசி முடிவு செய்தோம்.

எழுபதைக் கடந்த அப்பாவுக்கு இந்த அளவுகோல் பொருந்தவில்லை. முதியோரின் விபத்துகள் பெரும்பாலும் வேகத்தால் அல்லாமல், சந்திப்புகளில் எதிர்வண்டியின் தூரத்தைக் கணிக்கத் தவறுவதால் நேர்கின்றன. உடல் தளர்ந்திருப்பதால் சிறிய மோதலும் அவர்களுக்குப் பெருங்காயமாகிறது. வகுப்பறைப் பாடத்துடன் சாலைப் பயிற்சியும் சேர்ந்தால் அவர்கள் ஓட்டும் விதம் மேம்படுகிறது. ஆயினும் அப்பாவுக்கு அதைவிட உதவியவை கண்புரை அறுவையும் இரவில் ஓட்டுவதை நிறுத்தியதுமே. இதை ஒருவரின் அனுபவமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வழி எல்லா வீட்டுக்கும் ஏற்றதன்று. பக்கத்தில் அமர்பவருக்குப் பொறுமை இல்லையென்றால், அல்லது அவரே கைப்பேசியுடன் ஓட்டுபவரென்றால், பள்ளியிலேயே கூடுதல் கட்டணம் செலுத்தி, இரவிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டும் வகுப்புகளைக் கேட்டு வாங்குவது நல்லது.