பெயர் ஒட்டாத பாட்டிலில் வரும் "சளி மருந்து": பறவை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் வீட்டுப் பறவை மின்னு செத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை. இப்போது மழையும் பனியுமாக இருக்கிறது. பறவைகளுக்கு மூச்சுத் தொல்லை வருகிற காலம் இது. இன்னும் எத்தனை வீட்டில் அந்த வெள்ளை பாட்டில் இருக்கிறதோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், முழுவதும் படித்துவிடுங்கள்.

எங்களிடம் இரண்டு காக்டீல்கள் (கொண்டை உள்ள சின்னக் கிளி வகை) இருந்தன. கடைகளில் காக்டெயில் என்றுதான் சொல்வார்கள். சாம்பல் நிறத்தில் மின்னு, மஞ்சள் நிறத்தில் குட்டான். நான்கு வருடமாகத் தினை, கம்பு, கணவாய் ஓடு எல்லாம் ஒரே கடையில்தான் வாங்குகிறோம். மின்னுவையும் அங்கேதான் வாங்கினோம். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம் மின்னு தும்ம ஆரம்பித்தது. மூக்குத் துளையைச் சுற்றி ஈரம். இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. அந்த வால் ஆட்டம்தான் மூச்சுவிடக் கஷ்டப்படுகிறது என்பதற்கான அடையாளம் என்று அன்று எனக்குத் தெரியாது. அட்டைப்பெட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"சளிதான்க்கா. மழைக்காலத்துல எல்லாத்துக்கும் வர்றதுதான். இதுல ரெண்டு சொட்டு, காலைல சாயந்திரம். மூணே நாள்" என்று சொல்லி ஒரு சின்ன வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைத் தந்தார். 180 ரூபாய். உள்ளே இளமஞ்சள் நிறத்தில் தண்ணீர் மாதிரி மருந்து. பாட்டிலில் ஒரு எழுத்துகூட இல்லை. பெயர், அளவு, தேதி எதுவுமே இல்லை. மின்னுவை எடை போட்டுப் பார்க்கவும் இல்லை. "எப்படிக் கொடுக்கணும் தம்பி?" என்று கேட்டேன். மின்னுவை வெளியே எடுத்து, உடம்பு முழுவதையும் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, அலகைப் பிரித்து நேராகத் தொண்டைக்குள் இரண்டு சொட்டு விட்டார். மின்னு தலையை உதறியது. மூக்கில் ஒரு சின்னக் குமிழி வந்தது. "அப்படித்தான்க்கா இருக்கும், உள்ள போயிடுச்சு" என்றார். கூடவே, ராத்திரி கூண்டுக்குப் பக்கத்தில் சாம்பிராணி போடச் சொன்னார்.

அத்தனையும் அப்படியே செய்தேன். சாம்பிராணிகூட.

மூன்றாம் நாள் சாயந்திரம். அவர் காட்டிய மாதிரியே பிடித்துச் சொட்டு விட்டேன். மின்னு ஒரு தடவை கக்கியது. வாயைத் திறந்து திறந்து மூடியது. இறக்கை இரண்டும் தொங்கிவிட்டன. ஐந்து நிமிடம்கூட இருக்காது, என் கையிலேயே போய்விட்டது. பதினொரு வயது மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, மருந்துதானே குடுத்தே?" என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் கடைக்குப் போனேன். "நீங்க பிடிக்கத் தெரியாம பிடிச்சிருப்பீங்கக்கா" என்றார். பிறகு, "விடுங்க, வேற ஒண்ணு எடுத்துக்குங்க, விலையில குறைச்சுத் தரேன்" என்றார். அந்த மருந்தின் பெயரையாவது சொல்லுங்கள் என்று நின்றுகொண்டேயிருந்தேன். கடைசியில் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். கோழிப்பண்ணைகளில் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக். லேபிளில் எண்ரோஃப்ளாக்சசின் 10 சதவீதம் என்று இருந்தது. அதைத்தான் சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி வைத்திருக்கிறார். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம்தான் பிறகு குட்டானைப் பார்த்த டாக்டருக்கு உதவியது.

ஆமாம், பத்து நாளில் குட்டானும் தும்ம ஆரம்பித்தது. இந்த முறை விசாரித்து, பறவை பார்த்துப் பழக்கமுள்ள ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். நாய், பூனை மட்டும் பார்க்கும் இடங்களில் பறவை என்றால் தயங்குவார்கள். அதனால் போவதற்கு முன் போன் செய்து "பறவை பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

டாக்டர் மேடம் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 10 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. அப்படியென்றால் ஒரே சொட்டில் 5 மில்லிகிராம். 90 கிராம்கூட இல்லாத ஒரு காக்டீலுக்கு ஒரு வேளைக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். ஒரு சொட்டே நாலைந்து மடங்கு. நான் கொடுத்தது வேளைக்கு இரண்டு சொட்டு, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. போதாததற்கு, இந்த மருந்து தண்ணீரில் கலப்பதற்காகவே செய்யப்பட்டது. கலக்காமல் விட்டால் பயங்கரக் கசப்பு, வாயும் தொண்டையும் எரியும். மின்னு தலையை உதறியதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் மின்னுவைக் கொன்றது அளவு மட்டும் இல்லை, கொடுத்த விதமும் காரணமாக இருக்கலாம் என்றார். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கும் தசை) கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அதற்கு மூச்சு நின்றுவிடும். நல்ல ஆரோக்கியமான பறவைக்கே இப்படி என்றால், ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருப்பதற்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்தது, மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது. தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து நடுவில் சொட்டு விட்டால் நேராக அங்கேதான் போகும். மூக்கில் வந்த அந்தக் குமிழியைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

"நிச்சயமா இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா. பிரேதப் பரிசோதனை செஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். நாங்கள் அன்றைக்கே கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டோம். வீட்டில் வேறு பறவைகளும் இருந்தால், செத்ததை உடனே புதைக்காமல் ஒரு கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து (ஃப்ரீசரில் வைக்கக்கூடாது, உறைந்தால் திசு கெட்டுவிடும்) சீக்கிரம் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டுமாம். மனசு கேட்காதுதான். ஆனால் என்ன நோய் என்று தெரிந்தால் மற்றதைக் காப்பாற்றலாம்.

குட்டானை அவர் பார்த்த விதமே வேறு மாதிரி இருந்தது. முதலில் கூண்டைத் தொடவே இல்லை. தள்ளி உட்கார்ந்து அது மூச்சுவிடுவதை எண்ணினார். பிறகு ஆக்சிஜன் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தார். அதற்கப்புறம்தான் கையில் எடுத்து எடை போட்டார், 84 கிராம். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற பறவைக்கு வீட்டில் வாய்வழியாக எதுவும் கொடுக்கவே கூடாது, முதலில் ஆக்சிஜன்தான் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எச்சத்தையும் தொண்டைச் சளியையும் பரிசோதனைக்கு எடுத்தார். "சளி" என்று நாம் சொல்வது ஒரு நோய் இல்லை. பாக்டீரியாவாக இருக்கலாம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம், கிளமிடியா என்ற வேறு வகைப் பாக்டீரியாவாக இருக்கலாம். பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை, அதிகமாகக்கூட ஆகும். சில கடைகளில் ஸ்டீராய்டு கலந்தும் தருகிறார்களாம். இரண்டு நாள் தெம்பாகத் தெரியும், உள்ளே எதிர்ப்புச் சக்தி இறங்கிப் பூஞ்சை பரவும்.

குட்டானுக்கு வந்தது கிளமிடியா. கிளிக்காய்ச்சல் என்று சொல்கிற நோய். மனிதர்களுக்கும் தொற்றும். எனக்கு அன்றுதான் தெரியும். "வீட்டுல யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் இருக்கா?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் இல்லை. அப்படி வந்தால் வீட்டில் பறவை இருக்கிறது என்பதை நமது டாக்டரிடம் நாமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்க மாட்டார்கள். கூண்டுத் தாளை மாற்றும்போது முகக்கவசம் போட்டு, தாளை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுக்கிறேன். காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்தால் அதுதான் ஆபத்து. கடைக்காரர் "சளிதான்க்கா" என்று அனுப்பியது இப்படி ஒரு நோயாகக்கூட இருந்திருக்கலாம். அவருக்கே அது தெரியாது. தெரியாத ஒன்றுக்கு மருந்து விற்றிருக்கிறார் என்பதுதான் என் கோபம்.

சிகிச்சை 45 நாள், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். இந்த மருந்து சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பில் சேராது. அதனால் கணவாய் ஓடு, மினரல் கட்டி எல்லாவற்றையும் கூண்டிலிருந்து எடுக்கச் சொன்னார். குடிக்கும் தண்ணீரில் கலந்து வைக்கலாமா என்று கேட்டேன், நிறைய பேர் அப்படித்தானே செய்கிறார்கள். நோயாளிப் பறவை குறைவாகத்தான் குடிக்கும், கசந்தால் அதையும் நிறுத்திவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கே இருக்காது என்றார். அவர் எழுதித் தந்த அளவை நான் இங்கே போடவில்லை. அது குட்டானின் எடைக்கும் அந்த பாட்டிலின் அடர்த்திக்கும் போட்ட கணக்கு. தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

கொடுக்கும் முறையை மட்டும் சொல்கிறேன், அவர் என் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது. சிறிய மெல்லிய துண்டில் பறவையைத் தளர்வாகச் சுற்ற வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் இரண்டு பக்கமும் தலையை நிறுத்திப் பிடிக்கும். மற்ற விரல்கள் துண்டைத் தாங்கும், நெஞ்சு மேல் எந்த அழுத்தமும் படக்கூடாது. உடம்பு நிமிர்ந்திருக்க வேண்டும், தலையைப் பின்னால் சாய்க்கவே கூடாது. ஊசி இல்லாத சிரிஞ்சின் நுனியைப் பறவையின் இடது பக்க அலகோரத்தில் வைத்து வலது பக்கம் பார்த்த மாதிரி விட வேண்டும், ஏனென்றால் உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. ஒரே தள்ளாகத் தள்ளாமல் துளித் துளியாக, நாக்கை அசைத்து விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து. திமிறினாலோ மூச்சு வாங்கினாலோ அப்போதே கூண்டில் விட்டுவிட வேண்டும். கொஞ்சம் வெளியே வழிந்தால் வழியட்டும், மறுபடி ஊற்றக்கூடாது. முதல் நாள் எனக்கு இருபது நிமிடம் ஆனது. இப்போது ஒரு நிமிடத்தில் முடிகிறது.

சிரிஞ்ச் விஷயத்தில் நானே ஒரு தவறு செய்யப் பார்த்தேன். மெடிக்கலில் "1 மில்லி சிரிஞ்ச்" கேட்டால் இன்சுலின் சிரிஞ்சை எடுத்துத் தந்துவிட்டார்கள். அதில் இருப்பது மில்லி இல்லை, யூனிட். 40 யூனிட் சேர்ந்தால்தான் ஒரு மில்லி. 0.1 மில்லி என்று நினைத்து 10-வது கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். டியூபர்குலின் சிரிஞ்ச் என்று கேட்டு வாங்குங்கள், அதில் ஒரு மில்லி நூறு பாகமாகப் பிரித்திருக்கும்.

சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் வீட்டில் நிறுத்திவிட்டோம். பறவையின் நுரையீரலோடு காற்றறைகள் உடம்பெங்கும் பரவியிருக்கின்றன, புகை அத்தனைக்கும் போகும். அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்த நான்ஸ்டிக் தவாவின் ஆவிகூடச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் இரும்புக் கல்தான். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வெளியே ஒரு பல்பு எரிகிறது, குளிர்ந்தால் குட்டான் அங்கே போய் நிற்கும், போதுமென்றால் நகர்ந்துவிடும்.

கடையின் பெயரைச் சிலர் கேட்பீர்கள். எழுதப் போவதில்லை, அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால். இதே வெள்ளை பாட்டிலை வேறு இரண்டு கடைகளிலும் பார்த்தேன். செல்லப்பிராணிக் கடைகள் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மருந்து விற்க அதற்கென்று தனி உரிமம் வேண்டும். எடுத்த படங்களோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன். உங்களிடமும் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் கொடுத்தால், "மருந்தின் பெயர் என்ன, ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம், என் பறவையின் எடை என்ன" என்று மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கிருந்து நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

குட்டானுக்கு நேற்று 45-வது நாள். காலையில் சமையலறைத் தராசில் 91 கிராம். குரல் திரும்பிவிட்டது, விடியும் முன்பே விசிலடிக்கிறது. மகன் இன்னொரு காக்டீல் வாங்கலாம் என்கிறான். மறுபரிசோதனை முடிவு வரும்வரை வேறு பறவையைப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை மின்னு உட்காரும் பழைய கம்பு, தீனிக் கிண்ணம் எல்லாம் கழுவி மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கின்றன.