மலையில் 23 இரவு, மிச்சமெல்லாம் அலுமாரிக்கு மேலே: என் 22,000 ரூபாய் டென்ட்

டென்ட் பையின் உள் பொக்கற்றில் ஒரு கொப்பித் துண்டு வைத்திருக்கிறேன். மலைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் திகதியையும் இடத்தையும் அதில் எழுதிவிடுவேன். 2022 டிசம்பரில் வாங்கியது. இன்றைக்கு எண்ணிப் பார்த்தால் 23 இரவுகள். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் இரவும் அது வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டு அலுமாரிக்கு மேலேதான் படுத்திருக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டு குளிர்மலைக்கு டென்ட் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். வாங்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு பேர் படுக்கலாம். உள்ளே வலைத்துணி அறை, அதற்கு மேலே தனியாகப் போர்த்தும் மேல் கவர், இரண்டு அலுமினியக் கம்புகள். என் சமையலறைத் தராசில் 2.4 கிலோ. பேர் சொல்லும் அளவுக்குப் பெரிய பிராண்ட் இல்லை, சீனச் சாமான்.

இதற்கு முதல் என்னிடம் 6,500 ரூபாய் டென்ட் ஒன்று இருந்தது. ஒற்றைத் துணி, உச்சியில் தொப்பி மாதிரி ஒரு சின்ன மூடி, கண்ணாடி நார்க் கம்பு. 2019 டிசம்பரில் அதைத் தூக்கிக்கொண்டு மச்சானும் நானும் நக்கிள்ஸ் மலைப் பக்கம் ரிவர்ஸ்டனுக்குப் போனோம். வடகீழ்ப் பருவமழை அந்தக் கிழக்குச் சரிவில்தான் கொட்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. டென்ட் கட்டும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் அன்றிரவு மழையே பெய்யவில்லை, வெறும் மூடுபனிதான். இரண்டு மணிக்கு மச்சான் என்னை உலுப்பி எழுப்பினான். "டேய், ஒழுகுது." டோர்ச் அடித்துப் பார்த்தால் உட்துணி முழுக்கக் கடுகு கடுகாகத் துளி. விரலால் ஒன்றைத் தொட்டேன். அது பக்கத்துத் துளியோடு சேர்ந்து, பிறகு அதற்குக் கீழே இருந்ததையும் சேர்த்துக்கொண்டு, தையல் வழியே இறங்கி மச்சானின் காதுக்குள் விழுந்தது. அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஒழுகியது மழை இல்லை, எங்கள் மூச்சு. குளிருக்குப் பயந்து சிப்பையெல்லாம் இறுக்கிப் பூட்டிவிட்டுப் படுத்திருந்தோம். இரண்டு பேர் இரவு முழுக்க விடுகிற ஈரம் போக வழியில்லாமல், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிட்டது. இரண்டு துணி டென்டிலும் மூச்சு நீராகத்தான் செய்யும். ஆனால் அது வலையைத் தாண்டிப்போய் மேல் கவரின் உட்பக்கத்தில் பிடித்து, ஓரத்தால் வடிந்து வெளியே போய்விடும். எங்கள் மலைகளின் குளிருக்கு விலை குறைந்த டென்ட் எடுப்பவர் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மேல் கவர் கிட்டத்தட்ட நிலம் தொடும்வரை இறங்க வேண்டும், அதன் உச்சியில் காற்றோட்டத்துக்கு ஒரு வாய் இருக்க வேண்டும். குளிர்கிறதென்று அந்த வாயைப் பூட்டினால் காசு கொடுத்து வாங்கியதில் அர்த்தமில்லை.

அடுத்த டென்ட் வாங்கப் போனது, பார்த்துப் பார்த்து மோசமான வருஷத்தில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு இருந்த டொலர், டிசம்பரில் 360ஐத் தாண்டியிருந்தது. பிராண்ட் டென்ட்களின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு பிளேன்டி குடித்து ஆறுதலடைந்தேன். கடைசியில் புறக்கோட்டையில், குடையும் தார்ப்பாயும் பயணப் பையும் விற்கிற ஒரு கடையின் மேல் மாடியில் இது கிடைத்தது. கடைக்கார நானா முதலில் சொன்னது மில்லிமீற்றர் கணக்கு.

"மூவாயிரம் தம்பி. தண்ணி ஒரு சொட்டு இறங்காது."

"தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கா நானா?"

"அதெல்லாம் இருக்கும். பாருங்களேன், விரிச்சே காட்டுறன்."

மூவாயிரம் என்றால், துணியின்மேல் மூன்று மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால்தான் அது துணியைத் துளைத்துக் கசியத் தொடங்கும் என்று அர்த்தம். மேல் கவருக்கு 1,500 இருந்தாலே சாதாரண மழைக்குக் காணும். தரைத்துணிக்குத்தான் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈர நிலத்தில் முழங்கால் ஊன்றும்போது எங்கள் பாரமே தண்ணீரை மேலே அமத்துகிறது. இலக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஊசி போன ஓட்டை ஓட்டைதான். நானா விரித்த டென்டைத் தலையில் போர்த்திக்கொண்டு ரியூப் லைட்டுக்குக் கீழே நின்று தையல் தையலாகப் பார்த்தேன். ஒரு மூலையில் இரண்டங்குலத்துக்கு டேப் ஒட்டுப்படாமல் விலகியிருந்தது. அதைக் காட்டி ஆயிரம் ரூபாய் குறைத்தேன். வீட்டுக்கு வந்து தையலுக்குப் பூசும் பசையால் அடைத்தேன், இன்றுவரை அந்த மூலை கசியவில்லை.

இன்னொரு விஷயம், துணி பொலியெஸ்டர். நைலோன் டென்ட் நிறை குறைவு, ஆனால் நனைந்தால் தொய்யும், வெயிலிலும் கெதியில் பலம் இழக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு மலிவு விலையில் பொலியெஸ்டரே பரவாயில்லை.

"நாலு பருவ டென்ட் வேண்டாமா, நுவரெலியாக் குளிர் தாங்குமா?" என்று என்னைக் கேட்காத ஆளில்லை. அந்த வகை டென்ட்கள் பனி குவிந்தால் அந்தப் பாரத்தைச் சுமக்கவும் புயல்காற்றில் சரியாமல் நிற்கவும் செய்தவை. கம்புகள் கூடுதல், வலை குறைவு, நிறையும் விலையும் அதிகம். நேபாளத்தில் பனிக்குமேல் படுக்கப் போகிறவருக்கு அதுதான் தேவை, என் டென்ட் அங்கே சரிப்பட்டு வராது. எங்களுக்கு ஆகக்கூடிய குளிர், தை மாசியில் ஹோட்டன் சமவெளியிலும் நுவரெலியாவிலும் புல்லில் பிடிக்கிற உறைபனிதான். ஆயிரம் மீற்றர் ஏற ஏறச் சுமார் ஆறரைப் பாகை குறையும். கொழும்பில் ஃபேனைப் போட்டுக்கொண்டு நாங்கள் படுக்கிற 23 பாகை இரவில், 2,100 மீற்றர் உயரத்துச் சமவெளியில் ஒன்பது பத்துத்தான் இருக்கும். வானம் வெளித்துக் காற்றும் நின்றுவிட்டால் நிலம் சூட்டை விட்டுவிட, இன்னும் இறங்கும்.

2024 ஜனவரியில் அங்கே படுத்தோம். வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுத்து, அவர்கள் ஒதுக்கிய இடத்தில்தான் டென்ட் கட்டலாம். வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகவே சொப்பிங் பேக்கில் உடுப்பைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். விடிய ஐந்து மணிக்கு என் சின்ன வெப்பமானியில் 4 பாகை. மேல் கவரைத் தட்டினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். துணி காற்றைவிடக் குளிர்ந்துவிட்டதால், வெளியே பிடித்த பனி மெல்லிய தகடாக உறைந்து சறுக்கி விழுந்தது. உள்ளே வலை காய்ந்திருந்தது.

ஆனால் சூடாக இருந்ததா என்றால், இல்லை. மேல் கவருக்குள் வெளியைவிட இரண்டு மூன்று பாகைதான் கூட இருக்கும். டென்ட் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும், சூடு தராது. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன், மச்சான் தூங்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் படுக்கைப் பைதான். எனக்குக் கீழே இரண்டு தடித்த ஃபோம் பாய், அவனுக்குக் கீழே காற்று ஊதுகிற கடற்கரை மெத்தை. அந்த மெத்தைக்குள் இருக்கிற காற்று சுழன்று, உடம்புச் சூட்டை நிலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவன் நாலு மணிக்கு எழும்பி, பயணப் பையைக் காலி செய்து முதுகுக்குக் கீழே விரித்தான். டென்டுக்கு மேலதிகமாகப் பத்தாயிரம் செலவழிக்க யோசிப்பவர்கள் அந்தக் காசைப் பாய்க்குக் கொடுங்கள். குளிருக்கு அடுப்பை உள்ளே கொண்டுவர மட்டும் நினைக்க வேண்டாம். பூட்டிய டென்டுக்குள் கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளை முடித்துவிடும்.

காற்றில் இது எப்படி என்று 2023 ஜூலையில் தெரிந்தது. அதே ரிவர்ஸ்டன், இந்த முறை தென்மேல் பருவக்காலம். அந்தக் கணவாயால் வருகிற காற்றைக் காற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. டென்டை நிலத்தோடு பிடித்துவைக்க அதோடு வந்த பெக்குகள் வெறும் வளைந்த கம்பி. முதல் அரை மணித்தியாலத்தில் இரண்டு பிடுங்கிக்கொண்டு எங்கோ போய்விட்டன. மிச்சத்தைக் கல்லால் அமத்தி, இழுகயிறுகளைப் பாறையில் சுற்றிக் கட்டினோம். விடியப் பார்த்தால் ஒரு கம்பு வில்லாக வளைந்திருந்தது. அலுமினியம் என்றபடியால் முழங்காலில் வைத்து மெதுவாக நிமிர்த்தி, அந்த இடத்துக்கு மேல் ஒரு குழாய்த் துண்டைப் போட்டு டேப் சுற்றினேன். பழைய டென்டின் கண்ணாடி நார்க் கம்பு இதே மாதிரி வளைந்தபோது நீளமாகக் கிழிந்து, சிலும்பு கையில் ஏறி, இரண்டு நாள் எடுக்க முடியவில்லை. பிறகு ஹாட்வெயாரில் ஆறங்குலக் கொங்கிறீற் ஆணி பன்னிரண்டு வாங்கி ஒருமுறை கொண்டுபோனேன். பிடித்தது என்னவோ உண்மை, தோள் நொந்ததும் உண்மை. இப்போது அலுமினியத்தில் மூன்று விளிம்புள்ள பெக் எட்டு வைத்திருக்கிறேன், ஈரப் புல்நிலத்தில் அதுதான் நிற்கிறது.

இனி கொழும்புக் கதை. டென்டை உண்மையில் தின்பது மலை இல்லை.

பழைய 6,500 ரூபாய் டென்டை நான் தூக்கிப்போட்டது ரிவர்ஸ்டனால் இல்லை. 2021இல் ஒருநாள் அம்மா அறைக்குள் வந்து நின்று மூக்கைச் சுளித்தார்.

"அலுமாரிக்குள்ள எலி ஏதும் செத்துக் கிடக்கோடா?"

எலி இல்லை. பையைத் திறந்ததும் சத்தி மணம். துணி துணியோடு ஒட்டி, பிரிக்கும்போது பிளாஸ்ரர் உரிக்கிற சத்தம் வந்தது. கையெல்லாம் பிசின். மலிவு டென்ட்களின் துணிக்கு உள்பக்கம் பூசியிருப்பது பொலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்ல மெல்ல உடைந்து பிசுபிசுக்கும், பிறகு தோல் தோலாக உரியும். கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, ஜன்னல் பூட்டிய அறையில், இறுக்கிச் சுருட்டிய பைக்குள் அதை இரண்டு வருஷம் நானே அவித்திருக்கிறேன். ஒருமுறை உடைந்த பூச்சுக்கு மருந்தில்லை.

ஆகவே புது டென்டை வந்த பைக்குள் நான் வைப்பதில்லை. பழைய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாகத் திணித்து, அலுமாரிக்கு மேலே. உள்ளே வைத்தால் காற்றுப் படாது. மலையால் வந்த அன்றே, எவ்வளவு களைப்பென்றாலும், ஹோலில் கயிறு கட்டி ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் தொங்கும். மொட்டை மாடியில் காயப்போடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே வெயிலும் உப்புக் காற்றும், போதாததற்குக் காகமும். ஒரு முறை போட்டேன், போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சும்மாவும் எடுத்து விரித்து மடிப்பை மாற்றிவிடுவேன். அம்மாவுக்குத் தொலைக்காட்சி மறைகிறது என்பதுதான் இதிலுள்ள ஒரே சண்டை.

இவ்வளவு செய்தும் போன வருஷம் தரைத்துணியின் ஒரு மடிப்பில் லேசாகப் பிசுக்கு வந்துவிட்டது. இணையத்தில் பார்த்துவிட்டு சிலிக்கனைத் தின்னரில் கரைத்துப் பூசினேன். பிழை. பொலியூரித்தேன் பூச்சில் சிலிக்கன் பிடிக்காது, காய்ந்ததும் ஆடையாக உரிந்து வந்தது. அதைச் சுரண்டியெடுத்து, பொலியூரித்தேன் பசையையே மெல்லிசாகப் பூசி, மேலே முகப்பவுடர் தூவினேன். மடித்தால் ஒட்டவில்லை. டென்டுக்குக் கீழே விரிக்கிற தார்ப்பாய் துண்டை இப்போது மறப்பதில்லை. அதை டென்டின் அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டுங்கள். ஓரம் வெளியே நீட்டினால் மேல் கவரால் வடிகிற தண்ணீரை ஏந்தி நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்துவிடும்.

குறையென்றால் வாசல் ஒன்றுதான். இரவில் வெளியே போக மச்சானைத் தாண்டிப் போக வேண்டும், அவன் சும்மா இருக்க மாட்டான். சிப் இரண்டு தரம் பல் விலகியது, மெழுகுதிரி தேய்த்துக் குறட்டால் இறுக்கினேன். இரண்டு பேர் என்று போட்டிருந்தாலும் இரண்டு பையும் சேர்ந்தால் இடமில்லை. சப்பாத்து வெளியேதான், அட்டை ஏறியிருக்கிறதா என்று விடியத் தட்டிப் பார்க்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது பையைத் திறந்து மணந்து பாருங்கள், சத்தி மணம் வந்தால் வேண்டாம். நாலைந்து தடவை போகிறவர், இரண்டு துணி, அலுமினியக் கம்பு, டேப் ஒட்டிய தையல் என்று இந்த மூன்றையும் பார்த்து, கையில் இருக்கிற காசுக்கு எடுக்கலாம்.

போன கிழமை தலையணை உறையை அவிழ்த்து அம்மாவிடம் நீட்டினேன். இந்த வேலைக்கு அவருடைய மூக்கைவிட நம்பிக்கையான கருவி என்னிடம் இல்லை. மணந்து பார்த்தார், தரைத்துணியை விரலால் தேய்த்தும் பார்த்தார்.

"இன்னும் ஒரு பனிக்காலம் போகும்," என்றார். "முதல்ல இந்த உறையைத் தோய்."