ஒரே லிச்சோடு மூன்றாண்டுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டத்தை நடத்துபவனாக, ஒரே லிச்சை மூன்றாண்டுகள் முதன்மை வில்லனாக வைத்திருந்தேன். சாவை மறுத்து, தன் உயிரை ஃபிலாக்டரி என்னும் பேழையில் பூட்டிவிட்டு எலும்பும் தோலுமாக உலவும் மந்திரவாதி இவன். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்தவனின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். விளையாட்டின் அரக்கர் கையேடான 2014இன் மான்ஸ்டர் மேனுவல், எதிரியின் கடுமையைக் காட்டும் சவால் மதிப்பாக இவனுக்கு 21ஐத் தருகிறது. அடி தாங்கும் அளவான ஹிட் பாயிண்டோ சராசரியாக 135தான். எங்கள் ஐவர் குழு, முதல் மோதலில் மூன்றாம் சுற்று தொடங்கும் முன்பே அவனைச் சாய்த்துவிட்டது. அவனுடைய காப்பு மந்திரமான குளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டி ஐந்தாம் நிலை வரையிலான மந்திரங்களைத் தடுக்குமே தவிர வாளைத் தடுக்காது. கொலை மந்திரமான பவர் வேர்ட் கில் 100 ஹிட் பாயிண்டுக்கு மேல் உள்ளவரைக் கொல்லாது என்பதால், அதை எங்கள் போர்வீரர்மீது ஏவியது என் தவறு. அடுத்த மோதலில் பகடைக் கணக்கின் உச்சமான 198ஐயே அவனுக்குக் கொடுத்தேன். அதுவும் போதவில்லை, காவலுக்கு ஆள் வைக்காமல் இவனைத் தனியே நிறுத்தக் கூடாது.

ஆனால் அவன் விழுந்த பிறகுதான் ஆட்டம் சூடுபிடித்தது. பேழை அழியாதவரை, பத்துமுகப் பகடை காட்டும் அத்தனை நாள்களில் அவன் புது உடலோடு அதன் அருகில் எழுவான். அந்தப் பகடையை மறைத்து உருட்டினேன், எட்டு விழுந்தது. எண் தெரியாத ஆட்டக்காரர்கள், அதுவரை யோசிக்காமல் எடுத்துவந்த இரவு ஓய்வுக்குக்கூட வாக்குவாதம் செய்யத் தொடங்கினார்கள். லிச் 1975 முதல் இந்த விளையாட்டில் இருப்பதால் பேழையின் இரகசியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது எங்கே என்பதே கேள்வி. அதற்கு அவ்வப்போது உயிர்களை ஊட்டியாக வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, ஆள் காணாமல்போன ஊர்களை வரைபடத்தில் குறித்து, ஏறக்குறைய ஓராண்டு தேடினார்கள்.

மூன்றாம் முறை அவன் எழுந்தபோது மட்டும் மேசையில் யாரும் பதறவில்லை, ஒருவர் கொட்டாவியே விட்டார். ஆகவே அடுத்த கதையில் இரண்டு முறைக்குமேல் அவனை எழுப்பப்போவதில்லை.